போர்டு இல்லாத இடத்தில் யூ-டர்ன் போட்டேன், பைக் மோதிவிட்டது: தப்பு முழுக்க என் மேலா?

கேள்வி: வணக்கம் சார். எனக்குக் காரிமங்கலம் பக்கம் ஊர். போன மாதம் ஒருநாள் ராத்திரி ஏழரை மணி இருக்கும், தருமபுரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் மாமியார் வீட்டிலேயே போனை வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. பைபாஸில் மீடியன் நடுவே இருந்த ஒரு கேப்பில் காரைத் திருப்பினேன். இண்டிகேட்டர் போட்டேன், யூ-டர்ன் கூடாது என்று அங்கே போர்டும் கிடையாது. எதிர்ப்பக்கச் சாலையில் வந்த பைக் என் காரின் இடது பின்கதவில் மோதிவிட்டது. ஓட்டிய பையனுக்குக் கால் எலும்பு முறிவு. அவனிடம் லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை, வண்டியில் லைட்டும் எரியவில்லை. ஆனாலும் எஃப்.ஐ.ஆர். என் மேல். அவர்கள் வீட்டில் 2 லட்சம் கேட்கிறார்கள். "கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டு, அதோடு முடிந்தது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தெரிந்தவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2 லட்சத்தையும் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

போர்டு இல்லை என்பது உங்களுக்குப் பெரிதாக உதவாது. 2017ஆம் ஆண்டு வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், தடைப்பலகை உள்ள இடத்தில் மட்டுமல்ல, நெரிசலான சாலையிலும் யூ-டர்ன் கூடாது என்கின்றன. அனுமதி உள்ள இடத்தில்கூட சிக்னல் காட்டி, கண்ணாடி பார்த்து, மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லை என்று உறுதியான பிறகுதான் திருப்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டுவிட்டால் வழி நமக்குச் சொந்தம் என்று நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். அது "நான் திரும்பப் போகிறேன்" என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். அதுவும் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும், எதிர்ச்சாலையில் இருட்டில் வருகிறவருக்கு அது பெரும்பாலும் கண்ணிலேயே படாது. நேராக வருகிறவர் வழியில் குறுக்கே போகிறவர் மேல்தான் பார்க்கும் பொறுப்பு அதிகம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எஃப்.ஐ.ஆர். உங்கள் மேல் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்த கேப் யார் திறந்தது என்பதையும் பாருங்கள். நம் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூரிலிருந்து ஓசூர் வரை போய்ப் பாருங்கள், ஓட்டலுக்கும் பங்க்குக்கும் வசதியாக மீடியனை உடைத்து வைத்த இடங்கள் கண்ணில் படும். நெடுஞ்சாலை ஆணையம் விட்ட திறப்பா, யாரோ உடைத்த சந்தா என்பது உங்கள் வழக்கில் நிச்சயம் கேட்கப்படும். உடைத்த சந்து என்றால் அதில் திரும்பியதே அஜாக்கிரதை என்பார்கள். முறையான திறப்புதான் என்றால், எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் இல்லாததை நீங்கள் சுட்டிக்காட்டலாம்.

இப்போது வழக்குக்கு வருவோம். எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம், அதனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 (அஜாக்கிரதையாக ஓட்டியது), 125(பி) (அதனால் கொடுங்காயம்) பிரிவுகள் வரும். ஜாமீன் கிடைக்கக்கூடிய குற்றங்கள்தான், பயப்பட வேண்டாம். ஆனால் 125(பி)க்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை ஹெல்மெட் ஃபைன் மாதிரி கட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது எவ்வளவு ஆபத்து பாருங்கள். வெறும் யூ-டர்ன் விதிமீறல் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாயோடு போயிருக்கும்.

அப்புறம், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் அந்தக் காகிதம் அங்கேயே நிற்காது. பையன் வீட்டார் விபத்து இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு போடும்போது அது அங்கே வந்து உட்காரும். குற்றவியல் தீர்ப்பு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான், ஆனாலும் நீங்களே ஒப்புக்கொண்டது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடும், அதன்பிறகு எதிர்த்தரப்பின் பங்கு என்ன என்று வாதாடுவது சிரமம்.

ஏனென்றால் பங்கு உண்டு. விபத்தில் தப்பு முழுதும் ஒருவர் மேல்தான் விழ வேண்டும் என்று இல்லை. கோயம்புத்தூரில் 2017இல் நடந்த ஒரு விபத்து, உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பு சொன்னது: நெடுஞ்சாலையில் எந்த சிக்னலும் இல்லாமல் திடீரென்று பிரேக் போட்ட கார்மேல் பின்னால் வந்த பைக் மோதி, விழுந்த மாணவர்மேல் பஸ் ஏறிக் கால் போய்விட்டது. கார்காரருக்கு 50, பஸ்ஸுக்கு 30, போதிய இடைவெளி விடாமல் வந்த மாணவருக்கே 20 சதவீதம் என்று பிரித்தார்கள். கார்காரர் சொன்ன காரணம் மனைவிக்குக் குமட்டல் வந்தது என்பது, அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் போன் மறந்த கதையும் அப்படித்தான், கோர்ட்டில் அதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

சரி, பையனுடைய பங்கு எது? லைசென்ஸ் இல்லாதது தனியாக ஒரு குற்றம், ஆனால் அதனால் மட்டும் விபத்துக்கு அவன் காரணம் ஆகிவிட மாட்டான் என்று உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. ஹெல்மெட்டும் அப்படியே. முறிந்தது கால், தலையில் அடி இல்லை, எனவே ஹெல்மெட்டைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கச் சொன்னால் நீதிபதி கேட்கமாட்டார். மிச்சம் இருப்பது வேகமும் லைட்டும்தான். இதில் லைட் கதையை நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரியும், அணைக்க ஸ்விட்சே கிடையாது. அவன் வண்டி அதற்குப் பிந்தியது என்றால் பல்ப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வயரை மாற்றியிருக்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் நீங்கள் பார்க்காமல் திருப்பிவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு இந்த வாதத்தை எடுங்கள், பொய் என்று தெரிந்தால் உங்கள் மற்ற பேச்சையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எஃப்.ஐ.ஆர்., விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய பார்வை மகஜர், அந்த இடத்தின் மாதிரி வரைபடம் ஆகியவற்றின் நகல்களையும் எடுங்கள். வரைபடத்தில் மோதிய இடம் எந்த லேனில் காட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். பின்கதவில் இடி என்றால் கார் முக்கால்வாசி திரும்பி முடித்திருக்கிறது, அவனுக்குப் பார்த்து பிரேக் போட நேரம் இருந்தது என்று வாதாட ஒரு வழி உண்டு. பக்கத்தில் பங்க் அல்லது கடை கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், பல இடங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கிடைத்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழோடு வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை வைத்துக்கொண்டு கோர்ட்டில் எதுவும் செய்ய முடியாது.

பணம். உங்கள் பாலிசி விபத்தன்று நடப்பில் இருந்ததா? இருந்தால், லைசென்ஸும் சரியாக இருந்தால், பையனுக்குத் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டும். தப்பாக யூ-டர்ன் போட்டார் என்று சொல்லி அவர்கள் கைகழுவ முடியாது, அஜாக்கிரதைக்காகத்தானே மூன்றாம் நபர் காப்பீடே இருக்கிறது. கம்பெனி எழுத்து மூலம் சம்மதிக்காமல் நீங்கள் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும். 2 லட்சம் கொடுத்தபிறகும் அவர்கள் மனு போடலாம், கொடுத்ததைக் கம்பெனி உங்களுக்குத் திருப்பித் தராது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பதும் மருந்துச் செலவுக்கு உதவுவதும் வேறு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். பில்லை நேராகக் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸை ரத்து செய்ய ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அனுப்பினால் பதில் சொல்லாமல் விடாதீர்கள், உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் உத்தரவு போட முடியும், போட்டாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு.

இனிமேல் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மீடியன் கேப்பில் திரும்பும்போது எதிர்ச்சாலையில் நீங்கள் முதலில் நுழைவது ஓவர்டேக் செய்யும் லேனில், எல்லோரும் வேகமாக வருவது அங்கேதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஐந்து நொடியில் 110 மீட்டர் வந்துவிடும், நின்ற காரை முழுதாகத் திருப்ப உங்களுக்கு அந்த ஐந்து நொடியாவது வேண்டும், ராத்திரியில் ஒற்றை லைட்டை வைத்துத் தூரத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அடுத்த பாலம் வரை போய் அடியில் திரும்பி சர்வீஸ் ரோட்டில் வாருங்கள். அதற்காக டீசலை மிச்சம் பிடிக்க எதிர்த்திசையில் ஓட்டிவிடாதீர்கள், அது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டுதல், முதல் தடவையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

இன்சூரன்ஸுக்குத் தகவல் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை. இல்லை என்றால் தாமதத்துக்குக் காரணம் எழுதி, எஃப்.ஐ.ஆர். நகலோடு நாளைக்கே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.