ஜூன் கடைசி ஞாயிறும் வைகாசி முதல் தேதியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை குடியாத்தத்திலிருந்து அப்பா, அம்மா, தாய்மாமா என மூன்று பேர், படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லும் என்னைப் பார்க்க வந்தார்கள். பையன் வரவில்லை. பி.காம் முடித்தவன். சென்னையில் ஒரு கணக்கு அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் ஜிஎஸ்டி, டிடிஎஸ் (சம்பளமோ வாடகையோ தரும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) தாக்கல் செய்து தரும் இடம். அப்பாவுக்கு லுங்கி வியாபாரம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் வீட்டுப் பத்திரம். அம்மா கையில் சுருட்டிய மாதக் காலண்டர்.

மாமாதான் முதலில் பேசினார். "இந்த வேலை வேணாங்க. லண்டன்ல எம்பிஏ சேர்த்துடலாம். முப்பத்தஞ்சு லட்சம் ஆகும்றாங்க, வீட்டை வச்சா பேங்க்ல தருவாங்க. எந்தக் காலேஜ்னு நீங்க சொன்னா போதும்."

பிடித்துச் சேர்ந்த வேலையை ஆறு மாதத்தில் விட வைக்கிற அளவுக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா காலண்டரைப் பிரித்து மேசைமேல் வைத்தார். மே மாதத் தாளில் வைகாசி 1 சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தது. அம்மனின் சிரசை ஊர்வலமாக எடுத்து வரும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஜூன் தாளில் கடைசி ஞாயிறு, நீல மையில். அந்த நீல வட்டத்தைப் பொங்கலுக்கு வந்தபோது போட்டது மகன்.

"அன்னைக்கு சென்னையில வானவில் பேரணியாம். நான் போவேம்மா, நான் இப்படித்தாம்மான்னு சொல்லிட்டான். சிரசுக்கு வாடான்னா லீவு இல்லைங்கறான். அதுக்கு மட்டும் போவானா?"

தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் நடத்தும் பேரணி அது. தன் ஈர்ப்பு ஆண்களிடம்தான் என்று மகன் வீட்டில் சொல்லிவிட்டான், அதுதான் அவசரம். அன்று மாலையே பையனிடம் போனில் பேசினேன். அவன் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இதே கவலையை வெளியே சொல்ல முடியாமல் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்காகவும்தான்.

மாமாவுக்கு அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நான் கல்லூரிப் பெயர் எதுவும் தரப்போவதில்லை. பையன் எம்பிஏ கேட்கவில்லை. பள்ளி நாளிலேயே அப்பாவின் லுங்கிக் கணக்கை எழுதிப் பழகியவன் அவன். சப்ளையர் பில்லும் ஜிஎஸ்டி இணையதளத்தில் வந்த பில்லும் ஒத்துப்போகாதபோது எந்த இடத்தில் இடறுகிறது என்று தேடுவதுதான் இந்த வேலையில் அவனுக்குப் பிடித்த பகுதி. போனில் அதைச் சொல்லும்போதே அவன் குரல் மாறியது. கணக்கில் இப்படி மனசு போகிற பிள்ளை கிடைப்பது லேசில்லை. அவனை லண்டனுக்கு அனுப்பச் சொல்வது படிப்புக்காக அல்ல, நாலு பேர் கண்ணில் படாமல் இருப்பதற்காக. அதற்குப் படிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

செலவையும் பார்ப்போம். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். 35 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று போட்டால் மாதத் தவணை சுமார் 48,000 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 58 லட்சம். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. அங்கே வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் அந்தத் தவணையை லுங்கி வியாபாரம் தாங்குமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

மாமாவிடம் இரண்டாவதாக ஒரு யோசனை இருந்தது. பெங்களூரில் ஒரு டாக்டர் 'சரி பண்ணிடுவாராம்'. இந்தப் பேச்சு மறுபடி வரவே கூடாது. தன்பாலீர்ப்பு நோய் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி, அது குற்றமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை தருவதை 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. உயர் நீதிமன்ற வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நீதிபதி அப்படி உட்காரலாம் என்றால் நாமும் உட்காரலாம். அப்பா அம்மாவுக்கு ஓர் ஆலோசகர் வேண்டுமென்றால் நானே ஏற்பாடு செய்கிறேன். பையனை எங்கும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

சிஏ, பேங்க் தேர்வு, டிஎன்பிஎஸ்சி இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். நான் பேச விரும்புவது யாரும் எடுத்துப் பார்க்காத ஒன்றை. அவன் வேலையின் காலண்டர்.

அம்மா கொண்டுவந்த காலண்டரிலேயே பச்சைப் பேனாவால் எழுதினேன். மாதம் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, அதாவது விற்பனை விவரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சிறு கடைகளின் பில்களுக்கு 13. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களின் 3பி, அதாவது வரி கட்டும் ரிட்டர்ன், 20ஆம் தேதி. ஜனவரி–மார்ச் காலாண்டின் டிடிஎஸ் ரிட்டர்ன் மே 31. முன்கூட்டிய வரியின் முதல் தவணை ஜூன் 15. சம்பளக்காரர்களின் வருமான வரி ரிட்டர்ன் ஜூலை 31. இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் அவனுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அதில் பொய் இல்லை.

இப்போது சிவப்பு வட்டத்தைப் பாருங்கள். வைகாசி 1 மே மாத நடுவில் வருகிறது. 13ஆம் தேதி வேலை முடிந்து, 20ஆம் தேதி நெருக்கடி தொடங்கும் முன் இருக்கும் இடைவெளி அது. நீல வட்டம்? ஜூன் கடைசி ஞாயிறு ஒருபோதும் 24ஆம் தேதிக்கு முன் வராது. 20 தாண்டிவிட்டது, ஜூலை 7 இன்னும் வரவில்லை. 25ஆம் தேதி சிறு கடைகளுக்குச் சலான் கட்டும் வேலை ஒன்று உண்டு, அதை முந்தின வாரமே முடித்து வைக்கலாம். மூன்று மையும் ஒன்றின்மேல் ஒன்று விழவே இல்லை. ஆனால் ஜூலை முழுக்க அவனை எதிர்பார்க்காதீர்கள். ஆடிக் கிருத்திகை அதற்குள் வந்தால் ரத்தினகிரிக்கு நீங்கள்தான் போய்வர வேண்டும்.

அடுத்து லீவு. 'ப்ரொபேஷன்ல லீவே கிடையாது' என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னதை அவன் அப்படியே நம்பியிருந்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்ன சொல்கிறது? சம்பளத்தோடு ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, நோய்க்குத் தனியாக 12 நாள் வரை. இரண்டும் முதல் வருடத்திலிருந்தே உண்டு. ஒரு வருடம் முடிந்தபின் இன்னொரு 12 நாள். வார விடுமுறை கட்டாயம். இதோடு 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாள். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும்.

அவனுக்கு நான் சொன்ன வழி இதுதான். மே 1 அன்று யாராவது வர வேண்டும் என்று மேலாளர் கேட்டால் நீ முதலில் கையைத் தூக்கு. பணம் வேண்டாம், மாற்று விடுமுறை போதும் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள். அந்த நாளைச் சிரசுக்கு வை, ஒரு தற்செயல் விடுப்பை அதோடு சேர். பேரணிக்கு லீவே தேவையில்லை, அது ஞாயிறு. மறுநாள் திங்கள் மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொள். கேட்கும்போது இரண்டு வரி போதும்: 'சொந்த வேலையாக ஊருக்குச் செல்கிறேன். 13ஆம் தேதி தாக்கல்களை முடித்து, நிலுவைப் பட்டியலை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.' ஒரு மாதம் முன்பே அனுப்பு. கடைசி வாரத்தில் கேட்டால் எந்த மேலாளருக்கும் எரிச்சல்தான் வரும்.

அலுவலகத்தில் சொல்லலாமா என்று அவனே கேட்டான். திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநருக்கு வேலையிடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தன்பாலீர்ப்பாளருக்கென்று தனியார் வேலையில் அப்படித் தனி மத்தியச் சட்டம் இல்லை. அதனால் வேலை உறுதியாகும் வரை பொறுத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் சொல்வதும் சொல்லாததும் அவன் முடிவு. அம்மாவோ மாமாவோ இன்னொருவரிடம் அதைச் சொல்லக் கூடாது. அக்கா வீட்டுக்காரரிடம்கூட.

சரி, இவ்வளவு இடைவெளி இருந்தும் சிரசுக்கு லீவு இல்லை என்று ஏன் சொன்னான்? கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "வந்தா எல்லாரும் கல்யாணப் பேச்சு எடுப்பாங்க." முத்தியாலம்மன் கோவிலிலிருந்து சிரசு புறப்படும் விடியற்காலையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை அவன். திருவிழா வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. உங்கள் கூடத்தில் நடக்கப்போகிற பஞ்சாயத்துதான் வேண்டாம் என்கிறான். அன்று ஒருவரும் பெண் பார்க்கும் பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்பா வாக்குக் கொடுத்தால் பையன் வருவான். மாமாவிடமும் இதை நேராகவே சொன்னேன். அவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு யார் பதில் சொல்வது?

அப்புறம், ஊருக்கு வரும் வேலை எப்போதும் பிள்ளையுடையதாகவே ஏன் இருக்க வேண்டும்? காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஜூன் கடைசி ஞாயிறு காலை ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அவன் அறையில் இருக்கலாம். பேரணி 2009இலிருந்து நடக்கிறது, வழக்கமாகப் பிற்பகலில். பெற்றோர் பிள்ளைகளோடு நடந்து வருவதும் உண்டு. நடக்க மனசு வரவில்லையா, அறையிலேயே இருங்கள், சாயங்காலம் திரும்பி வந்து அவன் சொல்வதைக் கேளுங்கள். திங்கட்கிழமை அவனுக்கு லீவு.

கிளம்பும்போது அப்பா பத்திரத்தை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். மாமா முன்னால் நடந்து போய் ஆட்டோ பிடித்தார். அம்மா மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, ஜூன் தாளைக் காட்டிக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை அங்க வெயில் ஜாஸ்தியா இருக்குமா சார்? இவருக்குச் சுகர் இருக்கு, ரொம்ப தூரம் நடக்க முடியாது."