தட்டாமல் நுழையும் வாரண்ட்: தடை மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் போலீஸ் கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் நுழையலாமா?

நீதிபதி அனுமதித்தால் நுழையலாம். தட்டி, யாரென்று சொல்லி, திறக்க அவகாசம் தருவதுதான் பொதுவிதி. தட்டினால் ஆபத்து, அல்லது ஆதாரம் அழிந்துவிடும் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் போதைப்பொருள் வழக்கு என்பது மட்டுமே அதற்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது.

கேள்வி: பிரியானா டெய்லர் வீட்டில் தட்டினோம் என்கிறதே போலீஸ். பிறகு ஏன் தட்டாமல் நுழையும் வாரண்டைத் தடை செய்த லூயிவில் நகரச் சட்டத்துக்கு அவர் பெயர்?

2020 மார்ச் 13, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம், நள்ளிரவு தாண்டிய நேரம். தட்டாமல் நுழையவே வாரண்ட் அனுமதித்திருந்தது. தட்டி அறிவித்தோம் என்றது போலீஸ். அக்கம்பக்கத்தில் பலர் அப்படி எதுவும் காதில் விழவில்லை என்றார்கள். யாரோ உள்ளே புகுகிறார்கள் என்று நினைத்த டெய்லரின் காதலர் ஒரு முறை சுட்டார். போலீஸ் 32 முறை சுட்டது. 26 வயதுப் பெண், மருத்துவ உதவிப் பணியாளர், தன் வீட்டிலேயே செத்துப்போனார். அந்த வாரண்டைப் பெறப் பொய்யான பிரமாணப் பத்திரம் தயாரித்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒரு துப்பறியும் அதிகாரி 2022-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. கதவு உடைவதற்கு முன்பே, நீதிபதியின் மேசையிலேயே தவறு நடந்துவிட்டது.

கேள்வி: தட்டினால் போலீஸ்காரர் உயிருக்கு ஆபத்தில்லையா?

பணயக்கைதி இருக்கும் வீடு என்றால் தட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி உரிமையாக இருக்கும் நாட்டில், திடீரென்று உள்ளே பாய்வது இரு தரப்புக்குமே ஆபத்து. 2022-இல் மினியாபொலிஸில் சோஃபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 22 வயது அமீர் லாக், போலீஸ் நுழைந்த பத்து நொடிக்குள் சுடப்பட்டார். வாரண்டில் அவர் பெயரே இல்லை.

கேள்வி: தடை செய்துவிட்டால் பிரச்சினை தீருமா?

ஓரிகன், ஃபுளோரிடா, வர்ஜீனியா, டென்னசி மாநிலங்களில் தடை இருக்கிறது. நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனாலும் ஓட்டை பெரிது. போதைப்பொருள் வழக்கொன்றில், தட்டிவிட்டு 15 முதல் 20 நொடி காத்திருந்ததே போதும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2003 தீர்ப்பு. தூக்கத்திலிருப்பவர் எழுந்து வர அது போதுமா? தட்டும் விதியை மீறினாலும் கிடைத்த ஆதாரம் செல்லும் என்றது அதே நீதிமன்றத்தின் 2006 தீர்ப்பு. மீறினாலும் வழக்கு பாதிக்காது என்றால் போலீஸ் ஏன் காத்திருக்கப் போகிறது? ஆகவே காத்திருக்கும் நேரத்தையும், இரவுச் சோதனைக்கான கட்டுப்பாட்டையும் சட்டத்திலேயே எழுத வேண்டும். டெய்லர் பெயரிலான லூயிவில் சட்டம், போலீஸின் உடல் கேமரா சோதனைக்கு 5 நிமிடம் முன்பே ஓட வேண்டும் என்கிறது. தட்டினார்களா இல்லையா என்ற சச்சரவுக்கு அதுவே விடை தரும்.