இறக்குமதி வரியால் கேமரா விலை எவ்வளவு ஏறும்? ஷார்ஜாவிலிருந்து வாங்கிவரச் சொன்னால் லாபமா?

கேட்டவர் அந்தியூர்ப் பக்கம், இப்போதுதான் கல்யாண வேலை எடுக்க ஆரம்பித்திருக்கிறார். அமெரிக்காவில் டாரிஃப், அதாவது இறக்குமதி வரியை, ஏற்றிவிட்டார்களே, இங்கேயும் கேமரா விலை ஏறுமா என்பது ஒரு கேள்வி. ஷார்ஜாவில் இருக்கும் மாமா அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், அவரிடம் ஒரு லென்ஸ் சொல்லிவிடலாமா என்பது இன்னொன்று. நான் கோபிசெட்டிபாளையம். கல்யாணமும், இடையிடையே திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் படமும் எடுத்துப் பிழைக்கிறவன். இரண்டாவது கேள்வியில் நான் சொந்தக் காசைப் போட்டுப் பாடம் படித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வீட்டில் கேமரா வந்த பெட்டி இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இறக்குமதி செய்தவர் யார், எந்த மாதம் வந்தது, எந்த நாட்டில் செய்தது, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை என்ன, எல்லாம் அதில் பொடி எழுத்தில் இருக்கும். என் அலமாரியில் மூன்று பெட்டி இருக்கிறது. மூன்றுமே ஜப்பான் பிராண்டுதான். ஆனால் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, செய்தது தாய்லாந்து, லென்ஸ் ஜப்பான், ஃபிளாஷ் சீனா. சுங்கத்துறை பிராண்டைப் பார்த்து வரி போடுவதில்லை. பொருள் எந்த நாட்டில் பிறந்தது, வரி அட்டவணையில் அதற்கு என்ன பெயர், இந்த இரண்டைத்தான் பார்க்கும். ஜப்பானோடு 2011-இலிருந்தும் தாய்லாந்து உள்ளிட்ட ஆசியான் நாடுகளோடு 2010-இலிருந்தும் நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தத்துக்குள் வரும் பொருளுக்கு, அது அங்கேதான் உற்பத்தியானது என்ற சான்றிதழோடு வந்தால், வரி குறையவோ இல்லாமலே போகவோ வாய்ப்புண்டு. அதே மாதிரிப் பொருள் சீனாவிலிருந்து வந்தால் இந்த ஒப்பந்தச் சலுகை கிடையாது. ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருளின் விலை நமக்கு ஏனென்று புரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கைப் பார்ப்போம். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு லென்ஸ் துறைமுகத்தில் இறங்கும்போது 50,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 5,000. அந்த 5,000-க்கு மேல் 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி, அது 500. ஆக 55,500. இந்த மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் 18 சதவீத ஜிஎஸ்டி, அது 9,990. கடைசியில் 65,490. சுங்க வரியே இல்லாமல் ஜிஎஸ்டி மட்டும் இருந்திருந்தால் 59,000-தான். பேப்பரில் 10 சதவீதம் என்று போட்டிருப்பது நம் கையில் 13 சதவீதத்தை ஒட்டி வந்து விழுகிறது. வரிக்கு மேல் வரி. இதற்குமேல் இறக்குமதி செய்பவர், டீலர், கடைக்காரர் ஒவ்வொருவரும் தங்கள் லாபத்தைச் சதவீதத்தில்தான் போடுவார்கள்.

ஆனால் நம்மை அதிகம் கடிப்பது சுங்க வரியல்ல, ஜிஎஸ்டிதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது டிஜிட்டல் கேமராவை 28 சதவீதத்தில் வைத்தார்கள். 2018 ஐப்பசியில், தீபாவளி முடிந்த கையோடு, ஒரு பாடி எடுத்தேன். வரிக்கு முன் 80,000, வரியோடு 1,02,400. அந்த டிசம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி 28-ஐ 18 ஆக்கியது. 2019 ஜனவரி 1 முதல் அதே பாடி 94,400. ஒன்றரை மாதம் பொறுத்திருந்தால் 8,000 மிச்சம். மார்கழியில் கல்யாணமே கிடையாது, அந்த ஒரு மாதம் கேமராவை உறையைவிட்டுக்கூட எடுக்கவில்லை. வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28-லிருந்து 18 ஆகக் குறைத்தபோது, “கேமராவும் இறங்கிருச்சாமுங்களே, ரேட்டக் கொறைங்க” என்று இரண்டு மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். நமக்கு அது 2019-லேயே முடிந்த கதை.

பொருளுக்கு என்ன பெயர் என்பதே வரி என்றேன் அல்லவா? அது என் வயிற்றில் அடித்த ஒரு ராத்திரி உண்டு. இணைச்சீர். தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீர். சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்வார், யாரும் அவரை அவசரப்படுத்த முடியாது. ஒரு கேமராவை ஸ்டேண்டில் போட்டு வீடியோவை ஓடவிட்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு உறவுக்காரர்கள் முகங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஸ்டேண்டில் இருந்த கேமராவில் சிவப்புப் புள்ளியைக் காணோம். பேட்டரி இருக்கிறது, கார்டில் இடம் இருக்கிறது, சூடும் ஆகவில்லை. 29 நிமிடம் 59 வினாடியில் அதுவாகவே நின்றுவிட்டது. ஆல்பமும் வீடியோவும் கொடுத்த பிறகு அந்தத் தங்கச்சி போன் செய்தது: “ஏனுங்ணா, நான் கூறைச்சேலையோட நிக்கறதே வீடியோல காணோமுங்களே?” என்ன சொல்வது? போட்டோ இருக்குதும்மா என்று சமாளித்தேன்.

அந்த 29:59 பழுதல்ல, வரிக்காக வைத்த வேலி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவி வீடியோ கேமரா என்ற கணக்கில் போய்விடும், அதற்கு வரி உண்டு. அதற்குக் கீழே நின்றால் டிஜிட்டல் கேமரா, வரி கிடையாது. கம்பெனிகள் ஒரு வினாடி முன்னாலேயே கேமராவை நிற்கச் செய்துவிட்டன. உலகம் முழுக்க ஒரே மென்பொருள் என்பதால் ஐரோப்பாக்காரனுக்கு வைத்த வேலியில் கோபிக்காரன் காலும் மாட்டியது. நம் நாட்டின் வரிவிலக்கு அறிவிப்பிலும் இதே 30 நிமிடக் கோடு இருந்தது. 2012-இல் வந்திறங்கிய கேமராக்களுக்கு அந்த விலக்கு பொருந்துமா என்று தொடங்கிய தகராறுதான் கேனான் இந்தியா வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே போனபின் கேமராவை விட்டுவிட்டு, வரி கேட்டு நோட்டீஸ் அனுப்ப வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டா என்பதே பெரிய வழக்காகிவிட்டது. 2021 மார்ச்சில் இல்லை என்றார்கள், 2024 நவம்பரில் மறு ஆய்வில் உண்டு என்றார்கள். என் இணைச்சீர் வீடியோவுக்கு இரண்டு தீர்ப்பாலும் பிரயோஜனமில்லை. 2015-இல் உலக வர்த்தக அமைப்பில் பல நாடுகள் சேர்ந்து வீடியோ கேமரா உட்படப் பல மின்னணுப் பொருள்களுக்கு வரியைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டன, இந்தியா அதில் சேரவில்லை. அதன்பிறகு வந்த பல மாடல்களில் இந்த வேலி இல்லை. பழைய பாடி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று, பார்ப்பதோடு இதையும் கேளுங்கள்.

இப்போது ஷார்ஜா மாமா விஷயம்.

2019-இல் என் மச்சான் அங்கிருந்து வந்தபோது ஒரு 70-200 ஜூம் லென்ஸ் சொல்லிவிட்டேன். 4,200 திர்ஹாம். அன்றைக்கு ஒரு திர்ஹாம் 19 ரூபாய், ஆக 79,800. ஈரோட்டுக் கடையில் அதே லென்ஸ் பில்லோடு 98,500. பத்தொன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக லாபம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாயிற்று. விமானம் கோவை பீளமேட்டில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. வெளியே டீயைக் குடித்துக்கொண்டு நான் நிற்கிறேன், மச்சான் வரவே இல்லை. அவன் நேர்மையானவன், வரி கட்டவேண்டிய பொருள் வைத்திருப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் லென்ஸ் இருக்குதுங்க என்று அவனே சொல்லிவிட்டான். பயணிகள் கொண்டுவரும் பொருளுக்கான 2016 பேகேஜ் விதிப்படி அன்றைக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு, அதற்கு மேல் போனதற்கு 38.5 சதவீதம். மீதி 29,800-க்கு 11,473 ரூபாய் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வந்தான். மச்சான் மனைவியும் குழந்தையும் கூட வந்திருந்தார்கள், மூன்று பேர் சலுகையையும் ஒரே லென்ஸுக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவன் கேட்டிருக்கிறான். ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்க்க விதியில் இடமில்லை.

ஆக 91,273. பரவாயில்லை, அப்போதும் ஏழாயிரம் மிச்சம் என்றுதான் நினைத்தேன். வருசக் கடைசியில் ஆடிட்டர் கேட்டார், “லென்ஸுக்கு ஜிஎஸ்டி பில் எங்கீங்க?” திருப்பூர்க் கம்பெனிகள் ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் தரமாட்டார்கள் என்பதால் நான் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறேன். ஈரோட்டில் 98,500-க்கு எடுத்திருந்தால் அதற்குள் இருக்கும் 15,025 ரூபாய் வரியை நான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருக்கலாம். அப்படிப் பார்த்தால் கடை லென்ஸின் அடக்கம் 83,475-தான். ஏர்போர்ட்டில் கட்டிய சுங்க வரியில் ஒரு ரூபாய்கூட அப்படித் திரும்பாது. ஷார்ஜாவிலிருந்து வாங்கிவந்ததில் எனக்குக் கிட்டத்தட்ட 7,800 நஷ்டம், மச்சானுக்கு வாங்கிக்கொடுத்த பிரியாணி தனி.

அதோடு போச்சா? பதினான்காம் மாதம் ஆட்டோஃபோகஸ் மோட்டார் மக்கர் செய்தது. சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இந்தியாவுக்கு வந்த பீஸ் இல்லைங்க, வாரண்டி கிடையாது என்றார்கள். வாரண்டி உலகம் முழுக்கவா, வாங்கிய நாட்டுக்கு மட்டுமா என்று வாங்கும்போதே கேட்காதது என் தப்பு. பதினோராயிரத்துச் சொச்சம் கட்டி எடுத்துவந்தேன்.

உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் என் கணக்கு அப்படியே பொருந்தாது. இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள், இருக்காது என்றே நினைக்கிறேன். விலக்கு வரம்புக்குள் அடங்கும் சின்ன லென்ஸ், மாமாவே தன் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார் என்றால் சொல்லிவிடுங்கள், தப்பில்லை. நான் சொன்ன 50,000-மும் 38.5-மும் 2019 கணக்கு. இந்த வரம்பும் விகிதமும் மாறக்கூடியவை, மாமா டிக்கெட் போடும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். பில்லைக் குறைத்துப் போட்டு வாங்கிவரச் சொல்லும் யோசனை யாராவது தந்தால் கேட்காதீர்கள். அந்த மாடல் வெளியில் என்ன விலை என்று அதிகாரி போனிலேயே பார்த்துவிடுவார், மாட்டிக்கொண்டு முழிப்பது உங்கள் மாமா. நீங்களே கேமராவை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போகும் காலம் வந்தால், கிளம்பும்போதே சுங்கத்தில் பொருளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது இது இங்கிருந்து போனதுதான் என்று காட்ட உதவும். ட்ரோன் மட்டும் மாமாவிடம் சொல்லவே சொல்லாதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, வரி கட்டுகிறேன் என்றாலும் ஆகாது.

அமெரிக்க டாரிஃப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வரியைக் கட்டுவது அமெரிக்காவில் இறக்குமதி செய்பவர், பணம் போவது அவர்கள் கஜானாவுக்கு. 2025 ஜூனில் நிக்கான் அங்கே விலையை ஏற்றியது, டாரிஃப்தான் காரணம் என்று சொல்லியே ஏற்றியது. அதனால் நம் ஊர் ஸ்டிக்கர் விலை தானாக மாறாது. அங்கே வந்த நஷ்டத்தை மற்ற நாடுகளின் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பெனிகள் ஏற்றிவைக்கலாம். நான் அதற்காகப் பயந்து அவசரமாக எதையும் வாங்கவில்லை.

எனக்கு அந்த டாரிஃப் வேறு வாசல் வழியாக வந்தது. 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் என்று ஆக்கியதும் திருப்பூரில் முதலில் நின்றவற்றில் ஒன்று சாம்பிள் போட்டோ. ஒவ்வொரு சீசனுக்கும் குழந்தைகள் டி-சர்ட், நைட் டிரஸ் என்று மூட்டையில் வரும், பொம்மைக்குப் போட்டு எடுத்து, பொம்மையைக் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுக்க வேண்டும். ஆவணி முழுக்கக் கல்யாண ஓட்டம், அது முடிந்ததும் இந்த வேலையில்தான் ஐப்பசி வரை வண்டி ஓடும். அந்த வருசம் புரட்டாசியில் கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் தம்பி போன் செய்தான். “பையர் ஹோல்டுல போட்டுட்டாருங்ணா. ஏறின வரில பாதிய நீங்க ஏத்துக்கங்கன்னு பேச்சு ஓடிட்டு இருக்குது. சாம்பிள் வந்தா நானே கூப்படறனுங்க.” கேட்லாக் வேலைக்கென்றே ஒரு மேக்ரோ லென்ஸுக்கு, கிட்டத்தில் வைத்துப் பொடி விவரத்தையும் எடுக்கிற லென்ஸ் அது, ஈரோட்டில் முன்பணம் கொடுத்து வைத்திருந்தேன். கடைக்காரர் தெரிந்தவர், பணத்தைத் திருப்பிக் கேட்க மனசு வரவில்லை, அதில் இரண்டு பேட்டரியும் ஒரு ஸ்டேண்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஷார்ஜா லென்ஸ் இன்னும் ஓடுகிறது. உங்களுக்கு 70-200 கையில் பிடித்துப் பார்க்கவேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபிப் பக்கம் வாங்க, முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்து.