மூளையில் கால்சியம் படிந்திருக்க, இன்னும் கால்சியமா?

(பதில்: பினாங்கில் பணியாற்றும் குழந்தை மருத்துவர்)

செந்தூல், ஒரு தாய்: என் 9 வயது மகனுக்கு வலிப்பு. இரத்தத்தில் கால்சியம் 1.6, பாராதைராய்டு குறைபாடு என்றார்கள். ஸ்கேனில் மூளையில் கால்சியம் படிந்திருக்கிறதாம். கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் மாமியார்.

நிறுத்திவிடாதீர்கள் அம்மா. மாமியாரின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் படிவு மாத்திரையால் வந்ததன்று. தைராய்டை ஒட்டி, அரிசி மணி அளவில், பெரும்பாலோருக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவற்றின் ஹார்மோன் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும், பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும். ஹார்மோன் குறைந்தால் கால்சியம் இறங்கும், பாஸ்பேட் தேங்கும். அப்படித் தேங்கிய பாஸ்பேட்தான் கால்சியத்தைச் சேர்த்துக்கொண்டு மூளையின் உட்பகுதியில் படிகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வலிப்புக்குப் பெரும்பாலும் காரணம், இரத்தத்தில் கால்சியம் குறைந்து நரம்புகள் கிளர்ச்சியடைவது. இயல்பு அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2.1 முதல் 2.6 மில்லிமோல். 1.6 என்பது மிகக் குறைவு. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் குரல்வளை இறுகலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம்.

பட்டர்வொர்த்: இந்நோய்க்கு வைட்டமின் டி பெற நம் ஊர் வெயிலே போதாதா, டாக்டர்? மருந்துக்கடை வைட்டமின் டி?

போதாது. வைட்டமின் டி-யைச் சிறுநீரகம் செயல்வடிவுக்கு மாற்றப் பாராதைராய்டு ஹார்மோனும் வேண்டும். அதனால்தான் மாற்றப்பட்ட வடிவமான கால்சிட்ரியால் தருகிறோம்.

ஜெலுத்தோங், ஒரு தாத்தா: பேத்திக்கு நெத்திலி நிறையக் கொடுக்கலாமா?

அளவாகக் கொடுங்கள் ஐயா. நெத்திலியில் பாஸ்பேட்டும் உண்டு. கோலா பானங்களைத் தவிருங்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தால் உணவிலுள்ள பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்ளும்.

பிரிக்பீல்ட்ஸ்: படிவு கரைந்துவிடுமா?

பெரும்பாலும் கரையாது. பலருக்கு அதனால் தொல்லையே இல்லை. சிலருக்குக் கை நடுக்கம், அசைவில் தடுமாற்றம் வரலாம்.

ஆயர் ஈத்தாம்: கால்சியம் 2.1-லேயே நிற்கிறது. மருந்தைக் கூட்டலாமா?

நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்நோயில் இயல்பின் கீழ் விளிம்புதான் எங்கள் இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் கால்சியம் சிறுநீரில் வழிந்து சிறுநீரகத்தில் கல்லாகலாம். சிறுநீர்ச் சோதனையும் சிறுநீரக ஸ்கேனும் அதற்காகத்தான்.

செந்தூல் தாய் மீண்டும்: ஓராண்டு வலிப்பு மருந்து மட்டுமே கொடுத்தோம். முன்பே தெரிந்திருக்காதா?

தெரிந்திருக்கும். எனக்குக் கோபம் வருவதும் இதில்தான். காய்ச்சலில்லாமல் வலிப்பு வந்த குழந்தைக்குக் கால்சியம், பாஸ்பேட், மக்னீசியம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும்; செலவு குறைந்த சோதனைகள். பழைய வலிப்பு மருந்துகள் சில வைட்டமின் டி-யைக் குறைத்து நிலைமையை மோசமாக்கவும் கூடும். மகனுக்குப் பிறவி இதயக் கோளாறு இருந்ததா? வாயில் அடிக்கடி பூஞ்சைப் புண் வருகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். மரபணுச் சோதனை தேவைப்படலாம்.