ஹெலிகொப்டர் பழகுவது பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை எடுத்திருக்கிறேன். ஹெலிகொப்டர் பயிற்றுநராக இருந்த பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

கல்லடி: அண்ணா, ஏ.எல். முடித்துவிட்டேன், கண்ணாடி போடுகிறேன். தனியார் விமானி லைசன்ஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதையும் சோதிப்பார்கள். மருத்துவச் சான்றிதழைக் கையில் எடுத்த பிறகுதான் பறப்புப் பள்ளிக்குக் காசு கட்ட வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள். வயது 17 ஆகியிருக்க வேண்டும். சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலம் பறக்க வேண்டும், அதில் 10 தனியாக. ஐரோப்பாவில் 45. அந்தக் குறைந்த அளவோடு முடிப்பவர்கள் சிலர்தான், ஆகவே 60 மணித்தியாலத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

அம்பாறை: என் நிறை 115 கிலோ. பிரச்சினையா?

பழகுவதற்கு எடுக்கும் இரண்டு சீட் ஹெலியான ரொபின்சன் ஆர்22 இல் ஒரு சீட்டுக்கு 109 கிலோதான், சீட்டுக்குக் கீழே வைக்கும் சாமானும் அதற்குள் அடக்கம். உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆர்44 தான் சரி, செலவு கூடும். நம்முடைய வெயிலையும் சேர்த்துப் பாருங்கள்: சூடான காற்று அடர்த்தி குறைந்தது, றோட்டருக்கு (மேலே சுழலும் இறக்கைக்கு) தூக்க வலுப் போதாது. அதனால் காலையிலேயே பறக்கப் பாருங்கள்.

காத்தான்குடி: இஞ்சின் நின்றால் கல்லுப் போல விழுந்துவிடுமா?

இல்லை. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், பயிற்சியின் உயிரும் இதுதான். இஞ்சின் நின்றவுடன் இடது கையிலுள்ள கலெக்டிவ் தண்டை (றோட்டர் அலகுகளின் சாய்வை ஒன்றாகக் கூட்டிக் குறைப்பது) கீழே இறக்க வேண்டும். அப்போது கீழிருந்து மேலே வரும் காற்றே றோட்டரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நிலம் நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்து, கடைசியில் கலெக்டிவை மேலே இழுத்தால் றோட்டரில் மிஞ்சிய சுழற்சி மெதுவாக இறக்கிவிடும். இதற்குப் பெயர் ஓட்டோறொட்டேஷன். ஆர்22 இன் றோட்டர் பாரம் குறைந்தது, சுழற்சி சட்டென்று விழும். கலெக்டிவை இறக்க இரண்டு செக்கன்கூடக் கிடைக்காது. யோசித்துச் செய்ய நேரமில்லை, கை தானாகப் போக வேண்டும். அதனால்தான் இஞ்சின் வலுவைத் திடீரென்று குறைத்துப் பழக்குகிறோம். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும்போது மட்டும் இந்த வித்தை கைகொடுக்காது. வீட்டுக்கு மேலே கொஞ்ச உயரத்தில் நின்று கைகாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

களுவாஞ்சிக்குடி: பழகும்போது எது கஷ்டம் அண்ணா?

ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது. இரண்டு கையும் இரண்டு காலும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். ஒருநாள் திடீரென்று வந்துவிடும் தங்கச்சி, மனம் விடாதீர்கள்.

அக்கரைப்பற்று: வெள்ளத்தில் தொண்டு செய்கிறோம். மேலிருந்து கயிறு இறக்கினால் என்ன செய்ய?

2004 சுனாமியைக் கண்ட கரை இது, இதை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். கொக்கி நிலத்தையோ தண்ணீரையோ தொட்ட பிறகுதான் கைவையுங்கள். பறக்கும்போது சேரும் மின்சாரம் அதில் இருக்கும், முதலில் தொடுபவரை அடித்துவிடும். கொக்கியைத் தோணியிலோ மரத்திலோ ஒருபோதும் மாட்டாதீர்கள், ஹெலியையே இழுத்து விழுத்திவிடும். நேர்கீழே நிற்கும் உங்களை விமானிக்குத் தெரியாது. கதவடியில் இருக்கும் வின்ச் (கயிற்றை இறக்கி ஏற்றும் இயந்திரம்) இயக்குபவர்தான் “முன்னே, இடப்பக்கம், நில்” என்று வாயால் வழிநடத்துவார். அவருடைய கைச்சைகையைப் பாருங்கள். பள்ளி மைதானத்தில் இறக்குவதென்றால் முன்கூட்டியே தகரம், தறப்பாள், தொப்பி எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். மின்கம்பி போகும் மைதானம் வேண்டவே வேண்டாம்.

கல்முனை: நான் தாதி. நோயாளியோடு ஏறுவதற்கு என்ன பழக வேண்டும்?

விமானி பார்க்கும்படி முன்பக்கமாக, அவர் சைகை காட்டிய பிறகு, குனிந்து வாருங்கள். வால் பக்கம் போகவே கூடாது, சுழலும் வால் றோட்டர் கண்ணுக்குத் தெரியாது. படுக்கை விரிப்பு பறக்காமல் கட்டுங்கள், சேலைன் தாங்கியை உயர்த்திப் பிடிக்காதீர்கள். கடலுக்கு மேலே அடிக்கடி போகும் குழுவாக இருந்தால் தண்ணீருக்குள் கவிழ்ந்த ஹெலியின் கூட்டிலிருந்து வெளியேறும் பயிற்சியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதில் முதலில் சொல்லித்தருவது இது: ஒரு கையால் வெளியேறும் வழியின் விளிம்பைப் பிடியுங்கள், அசைவு நிற்கும்வரை பொறுங்கள், வழியைத் திறவுங்கள். சீட் பட்டியைக் கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். முதலில் கழற்றினால் தண்ணீர் உங்களைத் தூக்கிப் போய்விடும், வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும்.