கூரை கான்கிரீட்டும் தண்ணீர்க் கணக்கும்

கேள்வி: ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்துப் புது வீடு கட்டிவருகிறோம். அடுத்த வாரம் கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போடவிருக்கிறார்கள். நானும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள் என்பதால் மாலையில் ஒரு மணி நேரம்தான் அங்கே இருக்க முடிகிறது. தூண்கள் போட்டபோது கலவையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றியதைப் பார்த்துக் கேட்டேன். 'அப்போதுதான் கலவை ஓடும்' என்றார் மேஸ்திரி. தளத்துக்கு 3 நாள் தண்ணீர் கட்டினால் போதும், 5 நாளில் முட்டுகளைப் பிரித்துவிடலாம் என்றும் சொல்கிறார். கட்டுமானம் அறியாத நாங்கள் எவற்றைப் பார்ப்பது, எவற்றை அவர் பொறுப்பில் விடுவது?

பதில்: மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. தண்ணீர் ஊற்றினால் கலவை ஓடும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே தண்ணீர் வேண்டாத நேரத்தில் அதிகமாகவும் வேண்டிய நேரத்தில் குறைவாகவும் புழங்குகிறது என்பது தெரிகிறது. அளவு குறித்த ஒரு வாளியும் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் இருந்தால் யாரும் கண்காணிக்கக்கூடிய விஷயம் இது என்பதால், என் பதிலின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன்.

'தளம் காய்ந்துவிட்டதா' என்று நாம் வழக்கமாகக் கேட்பதே குழப்பத்துக்கு இடம் தருகிறது. கான்கிரீட் களிமண்ணைப் போலக் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட் துகள்கள் தண்ணீருடன் வேதிவினை புரிந்து, மணலையும் ஜல்லியையும் பிணைக்கும் வேறொரு பொருளாக மாறுவதால்தான் அது இறுகுகிறது. அந்த வினைக்குத் தேவைப்படும் தண்ணீர், சிமென்ட்டின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு மட்டுமே. கலவையைப் பரப்பவும் கம்பிகளுக்கிடையே இறக்கவும் சற்றுக் கூடுதலாக வேண்டியிருப்பதால், வீட்டு வேலைகளில் பொதுவாக 50 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொள்வார்கள். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் வினையில் சேராமல் உள்ளேயே தங்கி, பின்னர் ஆவியாகும்போது நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. கான்கிரீட்டின் வலிமையைத் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள இந்த விகிதமே என்பதை டஃப் ஆப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918ஆம் ஆண்டிலேயே சோதனைகளின் வழியே நிறுவினார். மூட்டைக்கு 10 லிட்டர் வாளி ஒன்று கூடுதலாகப் போனால் விகிதம் 0.5இலிருந்து 0.7 ஆகிவிடும், வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கு மேலும், குறைந்துவிடும். இழப்பு வலிமையோடு நிற்பதில்லை. அந்தத் துளைகள் வழியே ஈரமும் காற்றும் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவானது, தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், பல ஆண்டுகள் கழித்துக் கூரையின் அடிப்பகுதி வீங்கிப் பெயர்ந்து விழுகிறது.

ஆகவே கான்கிரீட் போடும் நாளில் உங்களில் ஒருவராவது விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டும் காலம் முழுவதிலும் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும் என்றால், அதை நான் இந்த நாளுக்கே செலவிடச் சொல்வேன். கலவை இயந்திரத்தின் அருகே லிட்டர் அளவு குறித்த வாளியை வைத்து, மூட்டைக்கு எத்தனை வாளி என்பதை வேலை தொடங்கும் முன்பே பொறியாளரைக் கொண்டு எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் செய்யுங்கள். மணல் ஈரமாக இருந்தால் அந்த அளவும் குறைய வேண்டும். ஒரு மூட்டை சிமென்ட்டுடன் சேரும் மணல் 80 கிலோ அளவில் இருக்கும். அதில் 5 விழுக்காடு ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே கலவைக்குள் வந்துவிட்டது என்று பொருள். ஈர மணல் உப்பி நிற்பதால், பெட்டியால் அளக்கும்போது உண்மையில் சேரும் மணலின் அளவும் குறைந்துபோகும் என்பதையும் பொறியாளர் கணக்கில் கொள்ள வேண்டும். கலவை மிகவும் கெட்டியாக இருப்பதாக வேலையாட்கள் சொன்னால், அது பெரும்பாலும் உண்மையான சிரமமே. அதற்குத் தீர்வு தண்ணீர் அன்று. பொறியாளர் குறித்துத் தரும் அளவில், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்னும் திரவத்தைச் சேர்ப்பதும், கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டரை முறையாகப் பயன்படுத்துவதும்தான். கலவையை லாரியில் ஆயத்த நிலையில் வரவழைப்பதாக இருந்தாலும் இதே கண்டிப்பு வேண்டும், ஏனெனில் வந்து சேர்ந்த பிறகு லாரியின் குழாயிலிருந்து தண்ணீர் விடுவது எங்கும் காணும் பழக்கம். போட்டு முடித்த தளத்தின் மேல் தண்ணீர் மிதந்தால், அதன் மீது வெறும் சிமென்ட் தூளைத் தூவித் தேய்ப்பார்கள். அதைத் தடுத்துவிடுங்கள், பிற்காலத்தில் அந்த மேல்தோல் தனியாக உரியும்.

கான்கிரீட் மூடிவிட்டால் பிறகு பார்க்க முடியாதது கம்பி. அதை முந்தைய நாள் மாலையிலேயே பார்த்துவிடலாம். உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் போதும். கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் எனப்படும் சிறு கட்டைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். தளத்தில் 20 மில்லிமீட்டர், பீமில் 25 முதல் 30, தூணில் 40, அடித்தளத்தில் 50 என்பவை கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமனுக்குப் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவுகள். ஜல்லித் துண்டுகளையும் ஓட்டுச் சில்லுகளையும் முட்டுக்கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அவை மிதிபட்டதும் நகர்ந்துவிடும். கம்பியின் தடிமனில் ஐயம் இருந்தால் அதற்கும் எளிய வழி உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பியானால் 0.89 கிலோ. மிச்சத் துண்டு ஒன்றை எடைபோட்டாலே தெரிந்துவிடும். இரு கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிய நீளம் விட்டத்தைப் போல ஏறத்தாழ 50 மடங்கு இருக்க வேண்டும் என்பதும், எல்லா இணைப்புகளும் ஒரே வரிசையில் அமையக்கூடாது என்பதும் டேப் கொண்டு பார்க்கக்கூடியவையே.

சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனியும் சன்ஷேடும் உங்கள் வரைபடத்தில் இருந்தால், அங்கே மட்டும் சற்று நேரம் கூடுதலாக நில்லுங்கள். சுவர்களுக்கிடையே தாங்கி நிற்கும் தளம் நடுவில் கீழ்நோக்கி வளையப் பார்ப்பதால், அதன் நடுப்பகுதியில் இழுவிசையைத் தாங்கும் முதன்மைக் கம்பி அடியில் இருக்கும். வெளியே நீளும் பகுதிக்கு இது நேர்மாறானது. அங்கே இழுவிசை மேல்புறத்தில் வருவதால் கம்பியும் மேலே இருக்க வேண்டும். அந்த மேல்கம்பியின் மீதே ஆட்கள் நடந்து கலவையைக் கொட்டுவதால் அது மிதிபட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே இருக்க வேண்டிய கம்பி அடியில் போய்ச் சேர்ந்த பால்கனியை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. முட்டுகளைப் பிரித்த அன்றோ ஆட்கள் கூடி நின்ற ஒரு நாளிலோதான் தெரியும். கம்பியைத் தாங்கும் 'சேர்' எனப்படும் வளைத்த கம்பிகளைப் போதிய அளவில் வைத்து, நடப்பதற்குத் தனியே பலகை போடச் சொல்லுங்கள். மின்குழாய்களுக்கு இடம் விடுவதற்காக யாரும் கம்பியை வெட்டவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டு, டேப்பை மேலே வைத்து எல்லா இடங்களையும் புகைப்படம் எடுத்து வைத்துவிடுங்கள். பின்னாளில் மின்விசிறிக்கோ குழாய்க்கோ துளையிடும்போதும் அந்தப் படங்கள் உதவும்.

இனி, போட்ட பிறகான தண்ணீர். வெயிலும் காற்றும் உள்ள நாளில், போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே மேற்பரப்பின் ஈரம் பறந்துபோய் மயிரிழை வெடிப்புகள் விழத் தொடங்கும். எனவே மேற்பரப்பைத் தேய்த்து முடித்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, நன்றாக இறுகியதும், பொதுவாக மறுநாள் காலையில், பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். சாதாரணச் சிமென்ட்டானால் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமென்ட்டானால் வினை மெதுவாக நடப்பதால் குறைந்தது 10 நாள். முடிந்தால் 14 நாள் வையுங்கள் என்பேன், ஏனெனில் அந்தக் கூடுதல் நாட்களுக்கு ஆகும் செலவு தண்ணீர் மட்டுமே. எந்த வகைச் சிமென்ட் என்பது மூட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். காலையும் மாலையும் குழாயால் தெளித்துவிட்டு இடையில் காயவிடுவது நீராற்றுதல், அதாவது கான்கிரீட்டை ஈரத்தில் வைத்து இறுகவிடுவது, ஆகாது. இடைவிடாத ஈரமே வேண்டும். தூண்களுக்கு ஈரச் சாக்கைச் சுற்றிவைக்கலாம். உங்கள் மாலை நேர வருகைக்கு மிகவும் பொருத்தமான வேலை இதுதான்: பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று மாடியேறிப் பார்ப்பது. எங்கள் சொந்த வீட்டுக்கு நான் இதைச் செய்யத் தவறி, ஆள் போட்டிருக்கிறோமே என்று நம்பி இரண்டு நாள் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் போனபோது தளம் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. பொறியாளர் வீட்டிலேயே இப்படித்தான்.

முட்டுகளை 5 நாளில் பிரிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கான்கிரீட்டின் கணக்கு 28ஆம் நாள் வலிமையை வைத்துப் போடப்படுகிறது. 7ஆம் நாளில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும், சாம்பல் கலந்த சிமென்ட்டில் அதற்கும் குறைவு. சாதாரணச் சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதைவிடப் பெரியதற்கு 14 நாள், பீம்களுக்கு 14 முதல் 21 நாள் வரை முட்டுகள் நிற்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட குறைந்தபட்சக் காலம். உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், போடும் நாளிலேயே அதே கலவையிலிருந்து 150 மில்லிமீட்டர் கனசதுரங்கள் ஆறு எடுத்துத் தண்ணீரில் வைத்து, மூன்றை 7ஆம் நாளும் மூன்றை 28ஆம் நாளும் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கலாம். இதை ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருந்தால் நல்லது. எழுதாவிட்டாலும் உங்கள் செலவில் செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே போட்ட தூண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதலில் தோன்றிய கவலை. புதிய தளத்தின் சுமை முழுவதும் அவற்றின் மேல்தான் இறங்கப்போகிறது. அடுத்த வாரத்துக்குள் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, தண்ணீர் சேர்த்ததை ஒளிக்காமல் சொல்லி, துள்ளல் சுத்தியல் சோதனை செய்யச் சொல்லுங்கள். அது மேற்பரப்பின் கடினத்தை வைத்துத் தோராயமாகச் சொல்வதுதான் என்றாலும், ஒரு தூண் மற்றவற்றைவிட வலுக்குறைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். அப்படி ஐயம் எழுந்தால் தூணிலிருந்து கோர் எனப்படும் உருளைத் துண்டைத் துளைத்தெடுத்து உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தூணின் அடியிலும் பீமுடன் சேரும் இடத்திலும் தேன்கூடு போல ஜல்லி தெரிகிறதா என்று அவரே பார்ப்பார். அதைப் பூச்சால் மூட மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். இந்தச் சோதனைக்காகக் கான்கிரீட் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

கலவை விகிதம், கம்பியின் அளவும் இடைவெளியும், முட்டுகளின் அமைப்பு ஆகியவை உங்கள் வேலையல்ல. அவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டு, போடலாம் என்று கையெழுத்திட வேண்டியவர் பொறியாளர். அந்தக் கையெழுத்து கிடைத்த பிறகே கலவை இயந்திரம் ஓட வேண்டும் என்பதை மட்டும் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முட்டு பிரிக்கும் நாளிலும் அவர் இருக்கட்டும். தளத்துக்கு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கியும், பால்கனிக்கு நுனியிலிருந்து சுவரை நோக்கியும் பிரிக்க வேண்டும் என்பது வேலையாட்கள் பலருக்குத் தெரியாது. அதுவரை அந்தத் தளத்தின் மேல் செங்கல்லோ மணலோ குவிக்க விடாதீர்கள்.