ஜெல்லிக் கட்டியில் பாயும் தோட்டா

கேள்வி: கண்ணாடி போன்ற ஜெல்லிக் கட்டியில் கைத்துப்பாக்கியால் சுட்டு, தோட்டா பாய்ந்த ஆழத்தை அளக்கும் காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். மனித உடலிலும் தோட்டா அப்படித்தான் பாயுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது. அந்தக் கட்டியில் எலும்பும் இல்லை, தோலும் இல்லை, நுரையீரலும் இல்லை. தசையில் தோட்டா ஏறத்தாழ எவ்வளவு ஆழம் இறங்குமோ, அவ்வளவு இறங்கும்படி பக்குவம் செய்யப்பட்ட ஓர் அளவுகோல்தான் அது. 1980களில் அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்ளர், 10 சதவீத ஜெலட்டின் கரைசலை உறையவைத்து, 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துச் சுடும் முறையை நிலைப்படுத்தினார். கரைசல் தயாரிக்கும்போது தண்ணீர் அதிகம் சூடானால் ஜெலட்டினின் பிடிப்பு குலைந்துவிடும் என்பதால், சோதனைக்கு முன் 4.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை நொடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் செலுத்தி, அது 8.5 சென்டிமீட்டர் அளவில் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள்.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில், கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த 9 மில்லிமீட்டர் தோட்டா, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் காவலர் இருவர் உயிரிழந்தனர். அதையடுத்து அந்த அமைப்பு வகுத்த சோதனையில், தோட்டா குறைந்தது 12 அங்குலமும் அதிகபட்சம் 18 அங்குலமும் பாய வேண்டும் என்று வைத்தார்கள். மார்பின் ஆழத்துக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் குறுக்கே ஒரு கை இருந்தாலும், பக்கவாட்டில் பட்டாலும் கணக்கு மாறிவிடும்.

வெறும் கட்டியில் மட்டும் சுடுவதில்லை; கனத்த உடை, ஒட்டுப்பலகை, தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றின் வழியாகவும் சுடுகிறார்கள். முனையில் குழியுள்ள தோட்டா பட்டதும் பூப்போல் விரிய வேண்டும். குழியில் துணியின் நூல் அடைத்துக்கொண்டாலோ, விரியாமல் நெடுந்தூரம் ஊடுருவிவிடும். இந்தச் சோதனை வெளிக்காட்டும் குறைகளில் இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

மெதுவாக ஓட்டிக் காட்டும்போது கட்டி பலூன்போல் உப்புவதுதான் நம் கண்ணைக் கவர்கிறது. கைத்துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தில், தசை போன்ற நெகிழ்வான திசுக்கள் பெரும்பாலும் விரிந்து மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால், நிலைத்து நிற்கும் துளையையும் ஆழத்தையுமே கவனிக்க வேண்டும். நீங்கள் பார்த்த கண்ணாடி போன்ற கட்டி பெரும்பாலும் ஜெலட்டின் அல்லாத செயற்கைப் பொருளாக இருக்கும். அறை வெப்பத்திலேயே கெடாமல் இருப்பதும், உருக்கி மீண்டும் வார்க்க முடிவதும் அதன் வசதிகள். ஆனால் அதில் கிடைக்கும் ஆழத்தை 12 அங்குலக் கணக்கோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.